வடக்குச் சுவர் நிழலில் கனகாம்பரம் ஏன் பூக்கவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறீர்கள். வீட்டுக்கு வடக்கே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, வரிசையாக இருபது கனகாம்பரச் செடி வைத்தீர்கள். "நிழலில் நன்றாக வரும்" என்று செடி விற்றவர் சொன்னதால்தான் அந்த இடம். சித்திரை, வைகாசியில் இலை ஓரம் கருகியது. ஐப்பசிக்குப் பிறகு செடி நெடுநெடுவென்று உயர்ந்து, கொழுந்து இலை மஞ்சளாகி, நாலு செடி நின்ற வாக்கில் வாடிப்போனது. பூ பேருக்குத்தான். விதையும் பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கிழக்கே நாலு பழைய தென்னை, கொல்லையில் ஒரு மாமரம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "நிழல் செடி என்பதே பொய்யா? டொரொன்டோவில் இருக்கும் தங்கை, காட்டு நிழலில் ட்ரில்லியம் பூத்திருக்கிறது என்று படம் அனுப்புகிறாள். நம் ஊரில் அந்த மாதிரி ஒரு செடியும் கிடையாதா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

செடி விற்றவர் பொய் சொல்லவில்லை. கனகாம்பரம் அசல் நிழல் செடிதான். ஆனால் அது கேட்பது மரத்து நிழல். நீங்கள் கொடுத்தது சுவர் நிழல், அதுவும் வருடத்தில் பாதி மாதம் மட்டும். மீதி மாதங்களில் அந்த இடத்தில் நிழலே கிடையாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் திருவையாற்றில் வீடு கட்டிய புதிதில் நானும் இதே தப்பைச் செய்து முப்பது செடியைக் கொன்றவன்.

முதலில் செடி யார் என்று பார்ப்போம். கனகாம்பரத்தின் பேரினத்துக்குப் பெயர் கிராசாண்ட்ரா. சுமார் 50 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும். சில அரேபியா பக்கம். நாம் தலையில் வைக்கும் இனத்துக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் சொந்த ஊர். அதன் நெருங்கிய உறவு ஒன்று எத்தியோப்பியா, கென்யாவிலும் காட்டுச்செடியாக இருக்கிறது. பூந்தோட்டத்தில் பாத்தி கட்டி வளர்ப்பதையே பார்த்துப் பழகியதால் இதைக் காட்டுச்செடி என்று நினைக்கவே தோன்றாது. ஆனால் இதன் பிறவி, பெரிய மரங்களுக்குக் கீழே, இலைச்சருகு மக்கிய மண்ணில், முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் சிறு புதர்தான். கரும்பச்சையாக, மினுமினுப்பாக, ஓரம் அலை அலையாக இருக்கும் அந்த இலையே அதைச் சொல்லிவிடும். கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ள அகலமாகவும் மெல்லியதாகவும் செய்த இலை அது. அதே இலையில் சித்திரை உச்சி வெயில் நேராக விழுந்தால், வாங்கிய வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையம் வெளுத்து, ஓரம் காகிதம் மாதிரி காய்ந்துவிடும். நீங்கள் பார்த்த கருகல் அதுதான், நோய் இல்லை. அதற்கு மருந்து அடித்திருந்தால் காசுதான் நஷ்டம்.

தங்கையின் ட்ரில்லியம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று இலை, மூன்று இதழ், அழகான பூ. வெள்ளை ட்ரில்லியம் 1937 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் பூ. ஆனால் அது நிழலைச் சமாளிக்கும் வித்தையே வேறு. அந்த ஊர் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். பனி உருகி, மரம் மறுபடி தழைத்து நிழல் கட்டுவதற்குள் கிடைக்கும் சில வாரத்தில் ட்ரில்லியம் முளைத்துப் பூத்து வேலையை முடித்துக்கொள்ளும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குக் குளிர் கட்டாயம் வேண்டும். கும்பகோணத்து மார்கழி அதற்குப் போதாது, தங்கையை அனுப்பச் சொல்லாதீர்கள். நம் காடுகளில் அந்த வசதி இல்லை; வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் இலையோடு நிற்கும். அதனால் கனகாம்பரம் வேறு வழியில் பிழைக்கிறது. மேலே இலைகள் ஆட ஆட, இடுக்கு வழியே தரையில் விழும் பொட்டு வெயிலை வைத்துக் குடித்தனம் நடத்துகிறது. ஒரு பொட்டு ஓர் இலைமேல் சில நிமிடம்தான் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும். சுடுவதற்குள் போய்விடும், ஆனால் ஒரு நாள் கூலிக்குப் போதும். கனகாம்பரத்துக்கு வேண்டிய நிழல் இதுதான்: வெயிலை மறைக்காமல் சலித்துக் கொடுக்கும் நிழல்.

சரி, இப்போது உங்கள் சுவருக்கு வருவோம்.

வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்பது பாதி உண்மை. அது வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளுக்குப் பொருந்தும் பேச்சு. தோட்டக்கலைப் புத்தகங்கள் வழியாக இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. கும்பகோணம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் அதையும் தாண்டி, நிலநடுக்கோட்டிலிருந்து 23 டிகிரிக்கு மேல் வடக்கே போய்த் திரும்புகிறது. அப்படிப் போகும்போதும் வரும்போதும் நம் ஊருக்கு நேர் உச்சியைத் தாண்டியாக வேண்டும். அந்த இரண்டு நாட்களும் ஏப்ரல் 19 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடத்தில் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அதுதான். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில், அதாவது சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை, நண்பகல் சூரியன் உங்கள் வீட்டுக்கு வடக்கே நிற்கிறான். உதிப்பது வடகிழக்கில், மறைவது வடமேற்கில். நிழல் தெற்கே விழுகிறது. பத்தடிச் சுவர் என்றால் ஜூன் கடைசி வாரத்து நண்பகலில் தெற்குப் பக்கம் இரண்டடிச் சொச்சம் நிழல். வடக்குப் பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. போதாததற்கு வெள்ளையடித்த சுவர் வாங்கிய வெயிலைத் திருப்பி இலைமேலேயே அடிக்கும். கத்திரி வெயிலில் உங்கள் கனகாம்பரம் இருந்தது அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில்.

மார்கழிக்கு வாருங்கள். சூரியன் தெற்கே போயாயிற்று. அதே பத்தடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே வடக்கே ஏழடி நீளும். சுவரிலிருந்து இரண்டடியில் இருக்கும் செடிக்கு நாள் முழுக்க ஒரு பொட்டு வெயில் கிடையாது. மேலே மழை மூட்டம் வேறு. வெளிச்சம் தேடித் தண்டு நீளும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை வெளிறும், பூக்கதிர் விடாது. நெடுநெடு வளர்ச்சியைப் பார்த்து "செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூதான் இல்லை" என்று நினைப்போம். அது வளர்ச்சி இல்லை, தவிப்பு.

இப்படி வேண்டாத நேரத்தில் வெயிலையும் வேண்டாத நேரத்தில் இருட்டையும் கொடுக்கும் இடம் வீட்டைச் சுற்றி வடக்குச் சுவர் ஒன்றுதான். தெற்குச் சுவர் ஓரம் இதைவிடத் தேவலை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். அங்கே கோடையில் நண்பகலுக்குக் கொஞ்சமாவது நிழல் உண்டு, மார்கழி, தையில் இதமான சாய்வு வெயில் உண்டு. கிழக்குச் சுவர் அதைவிட நல்லது. காலை வெயில் பத்தரை, பதினொன்று வரை, அப்புறம் நிழல்.

"ஆனால் திறந்த வயலில் பாத்தி பாத்தியாகப் போடுகிறார்களே, அங்கே எந்த மரம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் நெருக்கி நடுகிறார்கள். மூன்று மாதத்தில் செடியோடு செடி கோர்த்துக்கொண்டு, ஒன்றின் வேருக்கு இன்னொன்று நிழல் கட்டிவிடும். தண்ணீர் தவறாமல் பாயும். வெயிலிலேயே முளைத்து வளர்ந்த செடி என்பதால் அதன் இலையும் சிறியதாக, தடிப்பாக அமைந்திருக்கும். பூவும் நன்றாகவே எடுக்கிறார்கள். கனகாம்பரம் வெயிலைத் தாங்காத செடி இல்லை. வேர் சுடுவதையும், நிழலில் வளர்ந்த இலைமேல் திடீரென்று விழும் வெயிலையும்தான் தாங்காது.

இதை நான் கண்ணால் பார்த்தது 2018-இல். பேராவூரணிப் பக்கம் எங்கள் மாமா வீட்டுத் தோப்பில், தென்னைக்கு இடையில் அத்தை இரண்டு பாத்தி கனகாம்பரம் வைத்திருந்தார்கள். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. விழுந்த மரங்களுக்கு நடுவில் கனகாம்பரம் மட்டும் ஆச்சரியமாகத் தப்பித்து நின்றது. மழைக்காலம் முடியும் வரை தெரியவில்லை. மாசி வந்ததும் இலையெல்லாம் வெளுத்து, மேல்பக்கம் பழுப்புத் திட்டு விழுந்து, பார்க்கச் சகிக்கவில்லை. "மரமே போச்சு, இது எதுக்கு" என்று மாமா பிடுங்கச் சொன்னார். அத்தை கேட்கவில்லை. செடியை அரையடி விட்டு வெட்டி, விழுந்த தென்னை மட்டையையே பரப்பி மூடாக்குப் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். புதிதாகத் துளிர்த்த இலை பழையதில் பாதி அளவுதான். ஆனால் கருகவில்லை. ஆனி மாதம் பூ எடுத்தார்கள். ஒரே செடி, இரண்டு மாதிரி இலை. உங்கள் செடிக்கும் வழி இருக்கிறது என்று சொல்ல இதைச் சொன்னேன்.

டெல்டாவில் மர நிழல் என்றால் எந்த மரம் என்பது முக்கியம். எல்லா நிழலும் ஒன்றில்லை.

தென்னை நல்லது, ஆனால் வயதைப் பார்க்க வேண்டும். நட்ட எட்டாவது வருடத்திலிருந்து இருபத்தைந்து வருடம் வரை தென்னையின் மட்டைகள் தாழ்வாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், தரைக்கு வெளிச்சம் குறைவு. அதற்கு மேல் மரம் உயர உயர மட்டைகள் எட்டிப்போய், சாய்வு வெளிச்சம் உள்ளே வரும். பழைய மரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்கள் நாலு தென்னைக்கு நடுவில் இருக்கும் இடம்தான் வீட்டிலேயே சிறந்த இடம். மரத்திலிருந்து ஆறடிக்குள் மட்டும் வைக்காதீர்கள். தென்னை உரமும் தண்ணீரும் குடிக்கும் வேரெல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் கிடக்கும், அதோடு போட்டி போட கனகாம்பரத்தால் ஆகாது. காய்ந்த மட்டை விழும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு மட்டும் இல்லை, குனிந்து பூப்பறிக்கும் ஆளுக்கும்தான்.

மாமரத்தடியை மறந்துவிடுங்கள். குடை மாதிரி கவிந்த நிழல், பொட்டு வெயில்கூட உள்ளே வராது. புளியமரம் இலை பொடியாக இருப்பதால் ஓரளவு வெளிச்சம் விடும், ஆனால் அதன் அடியில் மண் எப்போதும் வறட்சி. வேம்பு பரவாயில்லை. எனக்குக் கேட்டால், கனகாம்பரத்துக்கென்றே கடவுள் செய்த மரம் அகத்தி. காவிரிப் படுகையில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருப்பீர்கள். கொடி ஏறுவதற்கும் நிழலுக்கும் அகத்தியைத்தான் வரிசையாக விடுவார்கள். உள்ளே நுழைந்தால் வெளியே விட நாலு டிகிரி குறைந்த மாதிரி உடம்பே சொல்லும், ஆனால் இருட்டாக இருக்காது. புத்தகம் படிக்கலாம். அந்த நிழல்தான் அளவு. கொடிக்கால்காரர்கள் நிழல் கூடினால் அகத்தியைக் கழித்துவிடுவார்கள், கழித்த கீரை ஆட்டுக்கோ சந்தைக்கோ போய்விடும். நீங்களும் தென்னை இல்லாத இடத்தில் ஐந்தடிக்கு ஓர் அகத்தி விதையை ஊன்றினால் ஆறு மாதத்தில் நிழல் தயார்.

அளவு தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள். நண்பகலில் செடி வைக்கும் இடத்தில், தரைக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். ஐந்து விரலும் கத்தரித்த மாதிரி நிழல் விழுந்தால் வெயில் அதிகம். கை நிழலே தெரியவில்லை என்றால் இருட்டு. கை என்று தெரிகிறது, விரல்கள் மங்கலாகக் கலங்கியிருக்கின்றன என்றால் அங்கேயே குழி தோண்டுங்கள். இதைச் சித்திரையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை செய்யாமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து மஞ்சள். இங்கே இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா? அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடியதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. புது வீட்டுச் சுவரோரம் என்றாலே எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். கலவை கலந்த இடம், பூச்சு வேலையில் சிந்தியது, உடைந்த கல், எல்லாவற்றையும் போட்டு மேலே சவுடு மண்ணை நிரப்பிச் சமப்படுத்தியிருப்பார்கள். ஓரடி தோண்டிப் பாருங்கள், என்ன வருகிறது என்று தெரியும். சிமென்டுத் தூளும் சுண்ணாம்பும் ஊறிய மண் கனகாம்பரத்துக்கு ஆகாது. காட்டில் அது வளர்ந்தது இலை மக்கிய, கொஞ்சம் புளித்த மண்ணில். தற்காலிகமாக, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பு கிடைக்கும், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலை நேரத்தில் இலைமேல் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போதும். புது இலை பச்சையாக வரும். ஆனால் அது வலிக்கு மாத்திரை மாதிரிதான். மண்ணை மாற்றாமல் தீராது.

அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் அது வெறும் தழைச்சத்துக் குறைவு, தொழுவுரம் போட்டால் சரியாகிவிடும்.

நின்ற வாக்கில் வாடிய நாலு செடி கதை வேறு. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். வாடிய செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தீர்களா? பழுப்பாகி, மேல்தோல் உரிந்து வந்தால் வாடல் நோய்ப் பூஞ்சை. பாசிமணி கோர்த்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. கனகாம்பரத்துக்கு இந்த இரண்டும் பரம்பரை எதிரி, பெரும்பாலும் கூட்டுச் சேர்ந்தே வரும். நூற்புழு போட்ட ஓட்டை வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடித் தண்ணீர் விழும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது? வடக்கே என்றால் அதுதான் காரணம். டெல்டாக் களிமண்ணில் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் நெல் சிரிக்கும், கனகாம்பரம் செத்துவிடும். செத்த இடத்திலேயே மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள். ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு விடுங்கள், அதன் வேருக்கு நூற்புழுவை அடக்கும் குணம் உண்டு. குழிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள்.

இப்போது விதை. இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

உங்கள் செடியில் பூ, ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த அழுத்தமான நிறத்தில், இதழ் அகலமாக இருந்தால் அது டெல்லிக் கனகாம்பரம். விதை பிடிக்காதது உங்கள் குற்றமும் இல்லை, நிழலின் குற்றமும் இல்லை. அது மும்மய ரகம். சாதாரணச் செடிக்கு நிறப்புரி, அதாவது குரோமோசோம், இரட்டைப்படைத் தொகுதியாக இருக்கும், ஜோடி ஜோடியாகப் பிரிந்து விதை உண்டாகும். இதில் மூன்று தொகுதி. மூன்று பேரை இரண்டு பந்தியில் சமமாக உட்கார வைக்க முடியாதே, அதே சிக்கல். பூவன் பழத்திலும் ரஸ்தாளியிலும் விதை இல்லாததற்கும் முக்கியமான காரணம் இதுதான், அவையும் மும்மயம்தான். வாழைக்குப் பக்கக்கன்று மாதிரி டெல்லிக் கனகாம்பரத்துக்குத் தண்டுக் குச்சி. ஒரு விரல் நீளத்தில், இரண்டு மூன்று கணு இருக்கும்படி நுனித்தண்டை வெட்டி, அடி இலையை எடுத்துவிட்டு, மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் கலந்து ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். விதை பிடிக்கச் செலவழிக்கும் சக்தி மிச்சமாவதாலோ என்னவோ, அது பூத்துக்கொண்டே இருக்கும். வியாபாரத்துக்கு அதைத்தான் விரும்புகிறார்கள். பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று ரகங்கள் வெளியிட்டிருக்கிறது, கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது நாட்டுக் கனகாம்பரம். இளம் ஆரஞ்சு, கொஞ்சம் சோகை பிடித்த நிறம்தான். ஆனால் விதை வைக்கும். அந்த விதை செய்யும் வேலையைப் பார்க்காமல் இந்தச் செடியைப் பற்றிப் பேசக்கூடாது.

பூ எல்லாம் முடிந்த கதிர் காய்ந்து பழுப்பானதும் அப்பாயி அதைக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வாள். மத்தியானம் திண்ணையில் என்னை உட்கார வைத்து, பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு கதிரை உள்ளே போடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் "டப்". இன்னொரு "டப்". சொம்பிலிருந்து விதை தெறித்து முகத்தில் அடிக்கும். மூடி போட்டால் உள்ளே பொரி பொரிகிற மாதிரி சத்தம். எங்களுக்கு அது தீபாவளி. பெரியவனான பிறகுதான் விளங்கியது. காய் ஒவ்வொன்றிலும் நாலு விதை, ஒவ்வொரு விதைக்குக் கீழும் கொக்கி மாதிரி ஒரு காம்பு. காய் உலரும்போது அதன் சுவர் வில்லை நாணேற்றிய மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பாதியையும் ஒட்டியிருக்கும் தையல் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் தையல் இளகுகிறது, காய் வெடிக்கிறது, கொக்கி விதையை வீசுகிறது. அதாவது மழை வந்தால்தான் விதை வெளியே வரும், மண் ஈரமாக இருக்கும் நேரம் பார்த்து. விதையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலே பன்னாடை கிழிந்த மாதிரி செதில் செதிலாக இருக்கும். அது நனைந்ததும் வழவழப்பாகி விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். விதை சேர்க்க வேண்டுமென்றால் காய்ந்த கதிர்களை ஒரு பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் தெளித்து, துணியால் மூடி வையுங்கள். சத்தம் அடங்கியதும் விதையைப் பொறுக்கி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.

இதே வெடிவித்தையைச் சாலையோரப் பட்டாசுக்காயில் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி, டிசம்பர் பூ, மலையில் 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி, எல்லாம் அந்தக் குடும்பத்தில் வரும். அதிலும் கனகாம்பரத்துக்குப் பங்காளி முறையில் மிக நெருக்கமானது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சேற்றில் நிற்கும் கழுதைமுள்ளி. நம்ப முடியாவிட்டால் பூவைப் பாருங்கள். ஆடாதோடைப் பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று வாய் பிளந்த மாதிரி இரண்டு இருக்கும். கழுதைமுள்ளிக்கு மேலுதடே கிடையாது. கனகாம்பரத்துக்கும் அப்படித்தான். ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். நீளமான வெளிறிய குழல், அதன் நுனியில் விசிறி மாதிரி ஐந்து மடல், எல்லாம் ஒரே பக்கம் விரிந்திருக்கும். மேல்பக்கம் பிளந்து காலியாக இருக்கும். குழலைக் கிழித்தால் உள்ளே நாலு மகரந்தப்பை, ஓரத்தில் பொடி ரோமத்தோடு ஒளிந்திருக்கும். சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1805-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அந்தக் குஞ்சத்தைப் பார்த்துத்தான் வைத்தார். கிரேக்க மொழியில் குஞ்சம், ஆண் என்ற இரண்டு சொல் சேர்ந்தது கிராசாண்ட்ரா. அதற்கு முன் லின்னேயஸ் இதை ஆடாதோடையோடு ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். உதட்டை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

பச்சை நீலம் கலந்த நிறத்தில் "பச்சைக் கனகாம்பரம்" என்று விற்றால் தெரிந்து வாங்குங்கள். அழகான செடி, நிழலிலும் வரும், ஆனால் அது வேறு பேரினம். ஐரோப்பாவில் நம் கனகாம்பரத்தை ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கிறார்கள், ஸ்வீடனில் உருவான மோனா வால்ஹெட் என்ற ரகம் அங்கே பிரபலம். தலையில் வைக்கத் தெரியாத ஊரில் கனகாம்பரம் என்ன பாடுபடும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வாசம் இல்லை, வாடவும் அவசரம் இல்லை, கனமும் இல்லை. தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் வாசத்தைப் பார்த்துக்கொள்ள, நிறத்தைப் பார்த்துக்கொள்வது இதுதானே.

சரி, உயிரோடு இருக்கும் பதினாறு செடிக்கு என்ன செய்யலாம்? இப்போது அசைக்க வேண்டாம். மழை முழுக்க விட்டு, தை பிறந்து பத்து நாள் போகட்டும். தென்னைக்கு நடுவில், மரத்திலிருந்து ஆறடி தள்ளி, அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். களிமண் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்துகொள்ளுங்கள். செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, வேர்மண்ணோடு பெயர்த்து, முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்தச் செடியைத் தயங்காமல் எரித்துவிடுங்கள். நல்லதை ஓரடிக்கு ஒன்றாக நட்டு, சருகு மூடாக்குப் போடுங்கள். வெட்டிய நுனித்தண்டு வீணாக வேண்டாம், குச்சியாக ஊன்றிவிடலாம், செத்துப்போன நாலுக்கும் ஈடு கிடைத்துவிடும். பங்குனிக்குள் வேர் பிடித்துவிட்டால் கத்திரியைத் தாண்டிவிடும்.

பூக்க ஆரம்பித்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறும் முன்பே பறியுங்கள். கதிரில் அடியிலிருந்துதான் ஜோடி ஜோடியாக மலர்ந்துகொண்டு போகும். டெல்லி என்றால் முடிந்த கதிரை உடனே கிள்ளுங்கள், பக்கத்தில் புதுக் கதிர் வரும். நாட்டு ரகமாக இருந்தால் மட்டும் நாலைந்து கதிரைக் காயவிட்டு வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொம்புத் தண்ணீருக்கு வேண்டியிருக்கும்.